சித்தத்திற் பதிந்த அச்சம்

நாஞ்சில் நாட்டுத் தோவாளை மலர்ச்சந்தையாற் பெயர்பெற்ற ஊர். ஆண்டுப் பூ முழுதும் விலைபோய பின்னரும் அதனைச் சுமந்த கூடை மணக்கும். பொருள் நீங்கவும் எஞ்சிநிற்கும் இத்தகைய பதிவினை நூலோர் வாசனை என்ப. மணம்போல நடுக்கமும் வாசனையாய் நிற்குமாறு ஈண்டு ஆராயப்படும்.

2004 டிசம்பர் 26-ஆம் நாள் ஆழிப்பேரலை அம்மாவட்டத்துக் குளச்சல், மணக்குடி முதலிய கரையூர்களிற் புகுந்து உயிர் பல கவர்ந்தது. மணக்குடிப் பாலமுஞ் சிதைந்தது. கடல் அடங்கிற்று, கண்டோர் உள்ளம் எளிதின் அடங்கிற்றிலது. அலையோசைக்குத் திடுக்கிடுதலும் கனவில் அலறுதலும் இத்தகைய இடர்ப்பட்டார்க்கு இயல்பு.

ஓடுதல், எதிர்த்தல், உறைந்துநிற்றல், உற்றாரைப் பற்றுதல் என்னும் இயல்பூக்கங்கள் உயிரோம்புதற்கு அமைந்தன. புத்தி துணியுமுன்னரே எழுவன. ஓடுக என ஒன்று உந்த, மகவைப் பற்றுக என மற்றொன்று ஈர்க்கும். அம்முரணே, பிழைத்தாரைப் பின்னர் 'யான் மட்டும் ஏன் எஞ்சினேன்' என வருத்துவது.

நனவிற்கு 35 கருவிகளும், ஞானேந்திரிய கன்மேந்திரியங்கள் பத்தும் ஒழிந்த கனவிற்கு 25 கருவிகளும் சித்தாந்தங் கூறும். கண்ணுஞ் செவியும் ஒழிந்தவழியும் கடல் எழுந்து அச்சுறுத்தலின், அவ்வச்சம் அகக்கருவியிற் பதிந்ததென்பது பெறப்படும். இக்கால உளநூலார் கூறும் மறைமனத்தோடு நம் சித்தம் ஒருபுடை ஒக்குமன்றி முற்றும் ஒவ்வாது.

அஃதேல், 'கடல் அடங்கிற்று, அஞ்சற்க' என அறிவுறுத்தல் அமையாதோ எனின், அமையாது. புத்திக்கு உரைத்தது பதிவினைத் தொடாது. கல்லெறிய விலகிய பாசி மீளவும் மூடுமாறு போல அச்சம் வந்து மூடும். ஓடும் ஊக்கத்தைத் தணிக்க வல்லது பற்றும் ஊக்கமே. நம்பிக்கைக்குரியார் உடனிருப்பக் கரைவரையும், பின்னர் நீர்வரையும் சிறிது சிறிதாகச் செல்லுதலும், நேர்ந்ததைத் தாம் விரும்பியவழி உரைத்தலும், தொழிலும் வழிபாடும் முறைப்பட நிகழ்தலும் புதிய வாசனையை ஊட்டும். பலர் இங்ஙனம் தேறுவர். ஒரு திங்கள் கடந்தும் நடுக்கம் வாழ்வைத் தடுப்பின் மனநல மருத்துவரை நாடுதல் கடன்.

இனி, 'இஃது அவர் வினை' என்று கூறி அமைவாரும் உளர். வினைநுகர்ச்சி நம் துணிபே. ஆயினும் துயருற்றார் செவியில் அதனை எறிதல், முன்னரே தம்மைப் பழித்துக்கொள்வாரின் புண்ணிற் கோலிடுதலாம். தத்துவம் நமக்கு ஆராய்ச்சிக்கு. அவர்க்கு வேண்டுவது துணை. வாடற்பூவின் நாற்றம் பற்றிய கூடையை வைது பயனின்று. நாடோறும் புதுப்பூ நிறைத்தலே நெறியென்க.