ஏ.என்.ஏ. அறிக்கையில் ‘பாசிட்டிவ்’ என்று இருந்தால்

மூட்டுவலிக்காகவோ நாட்பட்ட காய்ச்சலுக்காகவோ இரத்தப் பரிசோதனை செய்துகொண்டவர்களுள் சிலர், மருத்துவரைக் காண்பதற்கு முன்பே அறிக்கையைப் பிரித்துப் படித்துவிட்டு, இரவெல்லாம் உறங்காமல் மறுநாள் எங்களிடம் வருகின்றனர். ‘ஏ.என்.ஏ. பாசிட்டிவ், 1:80, ஸ்பெக்கிள்டு’ என்று அதில் ஒரு வரி இருக்கும். அவ்வரியைக் கைப்பேசியில் தேடினால் ‘லூபஸ்’ என்னும் நோயின் பெயரே முன்வந்து நிற்கும். அந்த ஒரு வரி ஆய்வகத்தில் எவ்வாறு உருவாகிறது, அது எதைச் சொல்கிறது, எதைச் சொல்வதில்லை என்பதை இவ்விதழில் விளக்குகிறோம்.

கிருமிகளை எதிர்ப்பதற்காக உடல் உருவாக்கும் புரதங்களை எதிர்ப்பொருள்கள் என்கிறோம். சில வேளைகளில் இவற்றுள் சில வழிதவறி, நம் சொந்த உயிரணுக்களின் உட்கருவையே பற்றிக்கொள்கின்றன. அத்தகைய எதிர்ப்பொருள்களுக்குத்தான் ஏ.என்.ஏ. என்று பெயர். ஆய்வகத்தின் சாதாரண நுண்ணோக்கியாலும் காண இயலாத அளவுக்கு அவை சிறியவை. ஆகவே அவற்றை ஒளிரச் செய்தே கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது.

வங்கியில் ரூபாய் நோட்டைப் புறஊதா விளக்கின்கீழ் காட்டும்போது அதன் வரிசை எண்கள் பளிச்சென்று ஒளிர்வதைச் சிலர் பார்த்திருக்கலாம். ஒரு நிற ஒளியை உட்கொண்டு வேறொரு நிற ஒளியாக உடனே வெளிவிடும் இத்தன்மை உடனொளிர்தல் எனப்படும். காய்ச்சலுக்குக் கொடுக்கப்பட்ட கொய்னா மருந்தின் கரைசலிலும் இதே தன்மையைக் கண்டு ஆராய்ந்தவர் அயர்லாந்தில் பிறந்த அறிஞர் ஜார்ஜ் ஸ்டோக்ஸ். அது 1852-ஆம் ஆண்டு. எதிர்ப்பொருளோடு ஒளிரும் சாயத்தைப் பிணைத்து, அது சென்று ஒட்டும் இடத்தை நுண்ணோக்கியில் காணலாம் என்று 1941-இல் காட்டியவர் அமெரிக்க மருத்துவர் ஆல்பர்ட் கூன்ஸ். அவர் தேடியது நிமோனியாக் கிருமியை. அவ்வழியே இன்று எங்கள் ஆய்வகத்திலும் பயன்படுகிறது.

உங்களிடமிருந்து எடுத்த இரத்தம் உறைந்தபின் மேலே தெளிந்து நிற்கும் ஊநீரை நீர்த்து, மனித உயிரணுக்கள் ஒட்டப்பட்ட கண்ணாடிச் சில்லின்மீது ஒரு துளி இடுகிறோம். ‘ஹெப்-2’ எனப்படும் இவ்வுயிரணுக்கள் ஆய்வகங்களில் வளர்க்கப்படுபவை. தொண்டைப் புற்றிலிருந்து பெறப்பட்டவை என்றே இவற்றை நெடுங்காலம் நம்பினர். 1951-இல் ஹென்ரியட்டா லாக்ஸ் என்னும் அமெரிக்கப் பெண்மணியின் கருப்பைவாய்ப் புற்றிலிருந்து எடுக்கப்பட்ட உயிரணுக்களின் வழிவந்தவையே இவை என்பது பின்னரே தெரியவந்தது. உங்கள் ஊநீரில் ஏ.என்.ஏ. இருந்தால், ஏறத்தாழ அரைமணி நேரத்திற்குள் அது அவ்வுயிரணுக்களின் உட்கருவில் ஒட்டிக்கொள்ளும். ஒட்டாதவற்றைக் கழுவிவிட்டு, மனித எதிர்ப்பொருள்களை மட்டுமே பற்றக்கூடிய மற்றோர் எதிர்ப்பொருளைச் சேர்க்கிறோம். ஃப்ளூரசீன் என்னும் சாயம் பிணைக்கப்பட்டது அது. மீண்டும் கழுவி, இருட்டறையில் நீல ஒளியைப் பாய்ச்சி நோக்கினால், ஏ.என்.ஏ. உள்ள இடமெல்லாம் பச்சையாய் ஒளிரும். இல்லையெனில் உட்கருக்கள் இருண்டே கிடக்கும்.

ஒளிர்வின் வடிவமும் குறிக்கப்படுகிறது. உட்கரு முழுதும் சீராக ஒளிர்ந்தால் ‘ஹோமோஜீனியஸ்’ என்றும், புள்ளி புள்ளியாக ஒளிர்ந்தால் ‘ஸ்பெக்கிள்டு’ என்றும் எழுதுவர். வடிவம் மருத்துவருக்கு ஒரு துப்பு மட்டுமே. அதைக் கொண்டே நோயின் பெயரைச் சொல்லிவிட முடியாது.

1:80 என்ற எண்ணைப் பலர் மதிப்பெண்ணைப்போல் படித்து அஞ்சுகின்றனர். மோரில் நீர் விளாவிக்கொண்டே போனால் எவ்வளவு நீருக்குப் பிறகு புளிப்பு மறைகிறது என்று பார்ப்பதைப் போன்றது இது. ஊநீரை 80 மடங்கு நீர்த்தபோதும் ஒளிர்வு தெரிந்தது, 160 மடங்கு நீர்த்தபோது மறைந்தது என்பதே 1:80-இன் பொருள். 1:640 என்றால் எதிர்ப்பொருள் மிகுதி. ஒளிர்வைப் பெரும்பாலும் மனிதக் கண்ணே மதிப்பிடுகிறது. ஆகவே ஓர் ஆய்வகத்தில் 1:80 என்றும் இன்னோர் ஆய்வகத்தில் 1:160 என்றும் வருவது இயல்பு. அவ்வேறுபாட்டை நோய் முற்றிவிட்டதாகக் கொள்ளலாகாது.

அச்சத்தை நீக்க வல்ல செய்தி ஒன்று உண்டு. பல நாட்டு ஆய்வகங்கள் சேர்ந்து 1997-இல் வெளியிட்ட ஆய்வில், எந்நோயும் இல்லாத நல்ல உடல்நிலையினருள்ளும் நூற்றுக்கு 13 பேருக்கு 1:80 அளவில் ஒளிர்வு தென்பட்டது. 1:320 அளவில்கூட நூற்றுக்கு 3 பேருக்கு இருந்தது. வயது ஏற ஏறவும், பெண்களிடமும், தைராய்டு நோய் உள்ளவர்களிடமும் இது மிகுதி. காசநோய்க்கு உட்கொள்ளும் ஐசோனியாசிட், இரத்த அழுத்தத்திற்கான ஹைட்ராலசின் போன்ற மருந்துகளாலும் ஏ.என்.ஏ. தோன்றக்கூடும். அதற்காக மருந்தை நீங்களாகவே நிறுத்திவிடாதீர்கள், குறிப்பாகக் காசநோய் மருந்தை! உட்கொள்ளும் மருந்துகளை மருத்துவரிடம் சொன்னால் போதும்.

மறுபக்கமும் உண்டு. லூபஸ் நோயாளிகளுள் நூற்றுக்கு 95-க்கும் மேற்பட்டோருக்கு இப்பரிசோதனை பாசிட்டிவாகவே இருக்கும். ஆதலால் இதன் உண்மையான வலிமை ‘நெகட்டிவ்’ என்னும் விடையில்தான் இருக்கிறது என்பது எங்கள் கருத்து: நெகட்டிவ் என்றால் லூபஸ் இருப்பதற்கான வாய்ப்பு மிகக் குறைவு. பாசிட்டிவ் என்றாலோ, உடலில் காணும் அறிகுறிகளைச் சேர்த்துப் பார்க்காமல் எதையும் முடிவுசெய்ய இயலாது.

அவ்வறிகுறிகள் எவை? காலையில் எழுந்ததும் அரைமணிக்கு மேல் நீடிக்கும் மூட்டு விறைப்பு, வெயில் பட்டால் முகத்தில் தோன்றும் சிவந்த தடிப்பு, அடிக்கடி வரும் வாய்ப்புண், மிகுதியான முடி உதிர்வு, குளிரில் விரல்நுனி வெளுத்து நீலமாதல், காரணம் தெரியாத காய்ச்சல், மீண்டும் மீண்டும் நேர்ந்த கருச்சிதைவு ஆகியவற்றைத் தயங்காமல் கூறுங்கள். சிறுநீர் நுரைத்துப் போனாலோ, கால்களும் முகமும் வீங்கினாலோ, மூச்சு வாங்கினாலோ, முன்பதிவு நாளுக்காகக் காத்திராமல் உடனே வாருங்கள். லூபஸ் சிறுநீரகத்தைத் தாக்கும்போது பெரும்பாலும் வலி இருப்பதில்லை. நோயாளி அறியாமலே சேதம் நிகழ்ந்துவிடக்கூடும்.

ஐயம் வலுத்தால் மருத்துவர் சிறுநீரில் புரதம் உள்ளதா என்று பார்ப்பார். மரபணுப் பொருளான டி.என்.ஏ.வையே தாக்கும் எதிர்ப்பொருள் உள்ளதா என்றும் ஆராய்வார். நோய் உறுதியானபின் அதன் ஏற்ற இறக்கத்தைக் காட்டுபவை இப்பிற்பட்ட பரிசோதனைகளே. ‘மருந்து சாப்பிட்டதில் ஏ.என்.ஏ. குறைந்திருக்கிறதா என்று பார்த்துவிடலாமே’ என்று குடும்பத்தினர் கேட்பதுண்டு. உடல்நிலை நன்கு தேறிய பின்னும் அது பாசிட்டிவாகவே நீடிக்கலாம் என்பதால், அதற்காகத் திரும்பத் திரும்பச் செலவு செய்ய வேண்டியதில்லை.

ஏ.என்.ஏ.வுக்கு மட்டும் இரத்தம் கொடுப்பதாயின் வெறும் வயிற்றோடு வரவேண்டுவதில்லை. மருத்துவரைக் காண வரும்போது பழைய அறிக்கைகள் அனைத்தையும், சாப்பிடும் மாத்திரைகளின் அட்டைகளையும் எடுத்து வாருங்கள். தோலில் தடிப்பு வந்து மறைந்திருந்தால், அது இருந்தபோது கைப்பேசியில் எடுத்த படமும் உதவும்.