எதிரணியும் ஓர் ஆசான்தான்!



"டிப்ளமோ படிக்கிற வயசுல கார்ட்டூனா?" என்று சிலர் கேட்கலாம். கேட்கட்டும்! ஜப்பான்காரர்கள் 'அனிமே' என்று சொல்லும் சித்திரத் தொடர்கள் எல்லாமே சின்னப் பிள்ளைகளுக்காக எடுத்தவை அல்ல. அவற்றில் 'ஹைக்யூ' என்ற விளையாட்டுத் தொடரை எடுத்துக்கொண்டு, அதில் வரும் பையன்கள் எப்படி மாறுகிறார்கள், அவர்களை மாற்றுவது யார் என்பதை இக்கட்டுரையில் பார்ப்போம்.

தொடர் பற்றி

'ஹைக்யூ' என்ற ஜப்பானியச் சொல்லுக்கு வாலிபால் என்றே பொருள். ஃபுருடாட்டே ஹருய்ச்சி என்பவர் 2012 முதல் 2020 வரை ஒரு வார இதழில் படக்கதையாக வரைந்தது இது. மொத்தம் 402 அத்தியாயங்கள், 45 புத்தகங்கள். 2014-ல் அனிமே தொடராக வெளிவந்தது. 2016-ல் வந்த மூன்றாம் பருவத்தின் 10 பகுதிகளும் ஒரே ஒரு மேட்ச்தான் என்றால் பாருங்களேன்!

மியாகி மாநிலத்தில் உள்ள கராசுனோ என்ற மேல்நிலைப் பள்ளியின் அணிதான் கதைக்கு நடு. ஒரு காலத்தில் பேர் வாங்கிய அணி. இப்போது கீழே விழுந்துவிட்ட அணி.

ராஜா இறங்கி வந்த கதை

ஹினாட்டாவின் உயரம் 163 செ.மீ. கூட இல்லை. ஆண்கள் வலையின் உயரமோ 243 செ.மீ.! நடுநிலைப் பள்ளியில் அணிக்கே ஆள் கிடைக்காமல் தனியாகப் பயிற்சி செய்தவன். அவன் ஆடிய முதல் மேட்சிலேயே அவனைத் தோற்கடித்தவன் ககேயாமா. 'இவனை ஒருநாள் ஜெயிச்சே தீருவேன்' என்று சபதம் போட்டு கராசுனோவில் வந்து சேர்ந்தால், அதே ககேயாமா அங்கே நிற்கிறான். எதிரி இப்போது சக ஆட்டக்காரன்!

ககேயாமா ஒரு செட்டர். அதாவது ஸ்மாஷ் அடிப்பவனுக்குப் பந்தைத் தூக்கிக் கொடுப்பவன். திறமைசாலி. ஆனால் 'நான் தூக்குற வேகத்துக்கு நீ ஓடி வா' என்று அதிகாரம் செய்வான். அதனாலேயே பழைய அணியில் ஒருமுறை அவன் தூக்கிய பந்துக்கு ஒருவன்கூடக் குதிக்கவில்லை. 'கோர்ட்டின் ராஜா' என்று அவனைக் கூப்பிட்டது புகழ்ச்சி அல்ல, கிண்டல்.

ஹினாட்டா முதலில் கண்ணை மூடிக்கொண்டு கையை வீசுவான். பந்தை அந்தக் கைக்குக் கொண்டுவந்து சேர்ப்பது ககேயாமாவின் பொறுப்பு. ஆவோபா ஜோசாய் அணி அந்த அடியைப் பிளாக் செய்து தோற்கடித்தபிறகு, 'இனி நானே கண்ணைத் திறந்து பார்த்து அடிப்பேன்' என்கிறான் ஹினாட்டா. இருவருக்கும் கைகலப்பே நடக்கிறது.

குழம்பிப்போன ககேயாமா யாரிடம் போய் யோசனை கேட்கிறான் தெரியுமா? அவர்களைத் தோற்கடித்த அதே அணியின் செட்டர் ஒய்காவாவிடம்! ஒய்காவா அவனுக்குப் பழைய பள்ளி சீனியர். அவன் திறமையைப் பார்த்துப் பொறாமைப்பட்டவனும்கூட. கேலி செய்துகொண்டேதான் பேசுகிறான். ஆனாலும் அடிப்பவனுக்கு வேண்டிய பந்தைத்தான் தருகிறாயா என்று சரியான இடத்தில் தட்டிவிடுகிறான். ராஜா இறங்கி வந்தது அங்கேதான். பிறகு ஒய்காவாவின் அணி கராசுனோவிடம் தோற்கிறது.

உயரமானவனின் சலிப்பு

சுகிஷிமா 188 செ.மீ. உயரம். ஆனால் 'இது வெறும் விளையாட்டுதானே, எதுக்கு உயிரைக் கொடுக்கணும்' என்று ஒதுங்கியே இருப்பான். அதற்கும் காரணம் உண்டு. அவன் அண்ணன் தான் மேட்ச் ஆடுவதாக வீட்டில் பொய் சொல்லி வந்தவர். ஒருநாள் தம்பி பார்க்கப் போனால், அண்ணன் பார்வையாளர் பகுதியில் நின்று குரல் கொடுத்துக்கொண்டிருக்கிறார். பாடுபட்டால் ஏமாற்றம்தான் மிஞ்சும் என்று அந்தப் பிஞ்சு மனசு முடிவு செய்துவிட்டது.

டோக்கியோ பயிற்சி முகாமில் அவனுக்கு பிளாக் நுணுக்கம் சொல்லிக் கொடுத்தவன் குரோ. நெகோமா அணியின் கேப்டன்! கராசுனோவுக்குப் பல காலமாகப் போட்டி அணி அது. 'கராசு' என்றால் காகம், 'நெகோ' என்றால் பூனை. அதனால் இவர்கள் மோதுவதற்கு 'குப்பைமேட்டுச் சண்டை' என்றே பெயர். அங்கே கற்ற வித்தையால்தான் பிறகு ஷிராடோரிசாவா அணியின் உஷிஜிமா அடித்த அசுர அடியை சுகிஷிமா ஒற்றை ஆளாகத் தடுக்கிறான். எப்போதும் உணர்ச்சி காட்டாதவன் அன்று முஷ்டியை மடக்கிக் கத்துகிறான்!

தேசியப் போட்டியில் காகமும் பூனையும் மோதும்போது, குரோ சொல்லிக் கொடுத்த பிளாக் குரோவின் அணிக்கே தடையாக நிற்கிறது. 2024-ல் திரைப்படமாக வந்தது அந்த மேட்ச்தான். நெகோமா தோற்கிறது. ஆனால், நண்பன் குரோ கூப்பிட்டதற்காக மட்டுமே ஆடி வந்த செட்டர் கென்மா, தோற்ற அந்த நாளில்தான் முதல்முறையாக 'ஜாலியாக இருந்தது' என்று மனசாரச் சொல்கிறான்.

இது நட்டமா?

எதிரிக்குச் சொல்லிக் கொடுத்துத் தோற்பது முட்டாள்தனம் இல்லையா? நியாயமான கேள்விதான். எல்லாப் போட்டியும் நட்பில் முடிவதாகவும் இந்தக் கதை பொய் சொல்லவில்லை. ஒய்காவா கடைசிவரை உஷிஜிமாவோடு ராசியாகவில்லை. பள்ளி நாட்களில் தேசியப் போட்டிக்கும் போகவில்லை. ஆனால் அந்த வைராக்கியத்தோடு கடல் கடந்து போய், கதையின் முடிவில் அர்ஜென்டினா அணிக்காக ஆடுகிறான். பலவீனமான அணியை ஜெயித்தால் கையில் கோப்பை இருக்கும். நாம் எவ்வளவு வளர்ந்தோம் என்பது மட்டும் தெரியாது. நல்ல எதிரணி என்பது நம்மை அளந்து காட்டும் வெர்னியர் காலிப்பர் மாதிரி.

என் வீட்டில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள் நான்தான். டவுட் கேட்க வீட்டில் அண்ணனோ அக்காவோ கிடையாது. டிராயிங்கில் ஐசோமெட்ரிக் வியூ எனக்கு விளங்கியது, முதல் மார்க்குக்கு என்னோடு முட்டி மோதுகிற பையன் பெஞ்சில் சாக்பீஸால் போட்டுக் காட்டியபோதுதான். அந்தத் தேர்வில் அவனைவிட 2 மார்க் அதிகம் வாங்கினேன். அடுத்த செமஸ்டரில் அவன் என்னைத் தாண்டினான். எங்கள் இருவரில் யாருக்கு நட்டம், சொல்லுங்கள்?

நம்மில் பலர் இப்படி முதல் தலைமுறையாக வந்தவர்கள். நமக்கு வீட்டில் கிடைக்காத ஆசான் பக்கத்து பெஞ்சில்தான் உட்கார்ந்திருக்கிறார். கேம்பஸ் இன்டர்வியூ வருகிறது என்று நோட்ஸை ஒளித்து வைக்க வேண்டாம். டிபார்ட்மென்ட் மேட்சில் எதிரணிப் பையனின் சர்வீஸ் நன்றாக இருந்தால், ஆட்டம் முடிந்ததும் போய், 'எப்படிப்பா போடுற?' என்று கேளுங்கள். அவன் கேட்டால் நீங்களும் சொல்லிக் கொடுங்கள். அடுத்த வருஷம் அவனையே ஜெயிப்போம்!