தக்காளிக் காட்டுக் கண்ணுக்கு ஆய்வகத்தில் வேலை

கிணத்துக்கடவுப் பக்கம் தக்காளி போடுகிற வீட்டில் வளர்ந்தவருக்கு இலைச்சுருட்டு நோயைச் சொல்லித்தர வேண்டியதில்லை. நுனி இலையின் ஓரம் மடங்கும், மஞ்சள் ஏறும், செடி அப்படியே குத்துக்கல்லாக நின்றுவிடும். தட்டிப் பார்த்தால் இலைக்கு அடியிலிருந்து வெள்ளை ஈ கிளம்பும். நமக்கு ஒன்றும் தெரியாத நிலையிலேயே அப்பாரு, “இது போச்சு சாமி” என்று அடுத்த செடிக்குப் போய்விடுவார். அந்தக் கண்ணுக்குச் சம்பளம் கொடுக்கிற வேலை ஒன்று இருக்கிறது. மரபணு வரைபடம் போடுகிற வேலை.

பிளஸ் டூ தாவரவியலில் ‘குறுக்கேற்றம்’ என்று படித்து, படம் போட்டு, மார்க் வாங்கி, மறந்திருப்பீர்கள். குன்றல் பிரிவின்போது தாய்வழி குரோமோசோமும் தந்தைவழி குரோமோசோமும் ஒட்டி நின்று துண்டுகளை மாற்றிக்கொள்ளும். பொள்ளாச்சித் தென்னைநார்க் கயிறு ஒன்றில் இரண்டு முடிச்சுப் போட்டு, கண்ணை மூடிக்கொண்டு எங்காவது வெட்டுங்கள். முடிச்சுகள் தள்ளி இருந்தால் வெட்டு நடுவில் விழ வாய்ப்பு அதிகம், பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் குறைவு. மரபணுக்களும் இப்படித்தான். இரண்டு மரபணுக்கள் எத்தனை முறை பிரிகின்றன என்று எண்ணினால், அவற்றுக்கு நடுவே எவ்வளவு தூரம் என்று சொல்லிவிடலாம்.

இதை முதலில் பிடித்தவர் பெரிய பேராசிரியர் இல்லை, கொலம்பியா பல்கலைக்கழகத்தில் மரபியலாளர் மார்கனின் ஆய்வகத்தில் இருந்த ஆல்ஃபிரட் ஸ்டர்டிவன்ட் என்ற இளங்கலை மாணவர். 1911-இல் ஓர் இரவு வீட்டுப்பாடத்தை ஓரம்கட்டிவிட்டு, ஆய்வகத்தில் பழ ஈக்களை எண்ணி வைத்திருந்த கணக்கை எடுத்து உட்கார்ந்தார். விடிவதற்குள் உலகின் முதல் மரபணு வரைபடம் தயார். 1913-இல் கட்டுரையாக வந்தது.

மரபணுக்கள் எந்த வரிசையில் இருக்கின்றன என்று எப்படித் தெரியும்? கோவைக்கும் பொள்ளாச்சிக்கும் 40 கிலோமீட்டர். கிணத்துக்கடவிலிருந்து இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஏறத்தாழ இருபது இருபது. மூன்று தூரமும் தெரிந்தால், பஸ் ஏறாமலேயே எந்த ஊர் நடுவில் என்று சொல்லலாம். மூன்று மரபணுக்களை வரிசைப்படுத்துவதும் இதே கணக்குத்தான். இந்தத் தூரத்துக்கு அலகு சென்டிமார்கன். பெயர் வைத்தவர் ஜே.பி.எஸ். ஹால்டேன், பிற்காலத்தில் இந்தியக் குடியுரிமை பெற்று 1964-இல் புவனேஸ்வரத்தில் இறந்தவர்.

இனி வேலைக்கு வருவோம். நோய் தாங்கும் காட்டுத் தக்காளியையும் நம் ரகத்தையும் கலக்கிறீர்கள். சாயங்காலம் விரியாத மொட்டில் மகரந்தப் பைகளை இடுக்கியால் எடுத்துவிட்டு, மறுநாள் காலை மகரந்தம் தொட்டு வைத்து, சீட்டுக் கட்ட வேண்டும். வந்த கலப்பினத்தை மறுபடி நம் ரகத்தோடு சேர்த்து 400 நாற்று நடுகிறீர்கள். ஒவ்வொரு செடியிலும் இலை கிள்ளி டிஎன்ஏ எடுத்து, ஓர் அடையாளக் குறியைப் பார்க்கிறீர்கள். அதற்குத்தான் மார்க்கர் என்று பெயர். 380 செடிகளில் குறியும் நோய் எதிர்ப்பும் சேர்ந்தே இருக்கின்றன, அல்லது சேர்ந்தே இல்லை. 20 செடிகளில் மட்டும் பிரிந்துவிட்டன. 400-க்கு 20 என்றால் 5 சதவீதம். ஆக, எதிர்ப்பு மரபணு அந்தக் குறியிலிருந்து சுமார் 5 சென்டிமார்கன் தள்ளி இருக்கிறது. அடுத்து இன்னும் நெருக்கமான குறியைத் தேடுவீர்கள்.

காட்டுக் கண்ணுக்கு வேலை வருவது இங்கேதான். நோயைப் பரப்புகிற வெள்ளை ஈ உட்காராததால் தப்பித்த செடியையும் எதிர்ப்புள்ள செடியையும் குழப்பிக்கொண்டு எட்டுச் செடிகளைத் தப்பாக எழுதிவிட்டால், 20 என்பது 28 ஆகலாம். 5 சென்டிமார்கன் 7 ஆகிவிடும். தக்காளியில் ஒரு சென்டிமார்கன் என்பது சராசரியாகப் பல லட்சம் டிஎன்ஏ எழுத்துகள். இரண்டு சென்டிமார்கன் பிசகினால் ஆய்வகம் மாதக்கணக்கில் தப்பான தெருவில் வீடு தேடும். பல லட்ச ரூபாய் இயந்திரத்தால் இந்தப் பிழையைத் திருத்த முடியாது. என் கணிப்பில் இந்தத் துறையில் ஆள் பஞ்சம் ஆய்வகத்துக்குள் இல்லை, வரப்பில்தான்.

குறுக்கேற்றம் நடக்காவிட்டால் என்ன ஆகும் என்பதற்கும் தக்காளியே சாட்சி. தென் அமெரிக்கக் காட்டுத் தக்காளியிலிருந்து வந்த டிஒய்-1 என்ற எதிர்ப்பு மரபணு 6-ஆவது குரோமோசோமில் இருப்பதாக 1994-இல் வரைபடத்தில் ஏறியது. அது எந்த மரபணு என்று உறுதியாகத் தெரிய 2013 ஆயிற்று. தாமதத்துக்கு ஒரு காரணம், காட்டுச் செடியின் குரோமோசோமில் அந்தப் பகுதி தலைகீழாகத் திரும்பிக் கிடந்தது. நம் தக்காளியின் குரோமோசோமோடு சரியாக இணையவில்லை, துண்டு மாறவில்லை. வேண்டிய மரபணுவோடு வேண்டாததும் மூட்டையாகக் கூடவே வந்தது.

படிப்புக்கு ஊரைவிட்டு வெகுதூரம் போக வேண்டியதில்லை. கோவை வேளாண் பல்கலைக்கழகத்தில் பி.எஸ்சி. வேளாண்மையோ தோட்டக்கலையோ சேர நீட் கிடையாது, பிளஸ் டூ மதிப்பெண் தரவரிசைதான். அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு 7.5 சதவீத உள்ஒதுக்கீடும் உண்டு. அடுத்து எம்.எஸ்சி.யில் பயிர் இனப்பெருக்கமும் மரபியலும் எடுங்கள். பயோடெக்னாலஜிதான் கவர்ச்சி என்று பலர் அந்தப் பக்கம் ஓடுகிறார்கள். நான் தடுக்கவில்லை, ஆனால் செடி தெரியாத பயோடெக் பட்டதாரிகள் ஏற்கெனவே நிறையப் பேர் இருக்கிறார்கள். விஞ்ஞானி ஆக நினைப்பவருக்கு ஏஆர்எஸ் தேர்வு, உதவிப் பேராசிரியர் வேலைக்கு நெட் தேர்வு.

கோவையிலேயே 1912 முதல் கரும்பு இனப்பெருக்க நிறுவனம் இருக்கிறது. தாவரவியலாளர் ஜானகி அம்மாள் வேலை பார்த்த இடம். கரும்பில் நூற்றுக்கு மேல் குரோமோசோம்கள், தக்காளிக்குப் பன்னிரண்டே ஜோடி. கரும்பில் வரைபடம் போட்டவர் எந்தப் பயிருக்கும் போவார். பெங்களூரு ஹெசரகட்டாவில் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது. மூன்று நோய்களைத் தாங்கும் அர்கா ரக்ஷக் தக்காளி அங்கிருந்து வந்ததுதான். தனியார் விதை கம்பெனிகளில் டிரயல் அசிஸ்டென்ட் (வயல் சோதனை உதவியாளர்), மார்க்கர் லேப் வேலைகள் உண்டு. டிரயலில் நுழைவதைக் கௌரவக் குறைவாக நினைக்காதீர்கள்.

கூடவே ‘ஆர்’ மென்பொருளைக் கற்றுக்கொள்ளுங்கள். இலவசம், வரைபடக் கணக்குக்கான நிரல்களும் அதில் கிடைக்கின்றன. நேர்காணலில், “எதிர்ப்பு இருக்கிறது என்று எப்படி உறுதி செய்வாய்?” என்ற கேள்வி வரலாம். சீக்கிரம் நோய் பிடிக்கும் ரகத்தைச் சோதனை வரிசைகளுக்கு நடுநடுவே நட்டு, எல்லாச் செடிக்கும் நோய் சமமாகப் பரவ விட்டபிறகே பார்ப்பேன் என்று சொல்லுங்கள். டிஎன்ஏவைப் பெருக்கும் பி.சி.ஆர். பற்றி ஐந்து நிமிடம் பேசுவதைவிட அந்தப் பதில் எடுபடும்.

கல்லூரி வரை காத்திருக்கவும் வேண்டாம். வருகிற பட்டத்தில் வீட்டுக் காட்டில் நூறு செடிகளுக்கு எண் கட்டுங்கள். வாரம் ஒருமுறை, நோயே இல்லாததற்கு 0, முழுக்கச் சுருண்டதற்கு 4 என்று நோட்டில் எழுதுங்கள். தேதி போடுங்கள், சந்தேகமான செடிக்கு ‘சந்தேகம்’ என்றே எழுதுங்கள், அடித்துத் திருத்தாதீர்கள். தக்காளிச் செடி தொட்ட கையில் பச்சைக் கறை ஏறும். சோப்புக்குப் போகாது, ஒரு பழத்தைப் பிழிந்து தேய்த்தால் போகும். நோட்டில் ஏறிய கறை அப்படியே இருக்கட்டும், நேர்காணலுக்கு அதையும் எடுத்துக்கொண்டு போங்கள்.