சென்னையா, திருச்சியா?

சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டமொன்றில் வாழும் அன்பருக்கு, தஞ்சாவூரில் தாய்மாமன் காலமானார் என்றும், மறுநாள் மாலை நான்கு மணிக்கு இறுதிச் சடங்கு என்றும் செய்தி வருவதாகக் கொள்வோம். அவர் முகம் பார்க்கப் போய்ச் சேர இயலுமா? கணக்கிட்டே பார்ப்போம்.

கோலாலம்பூர் நிலநடுக்கோட்டிற்கு வடக்கே ஏறத்தாழ 3 பாகையிலும், சென்னை 13 பாகையிலும் உள்ளன. கிழக்கு மேற்காக இரண்டிற்கும் இடையே 21½ பாகை. இப்பகுதியில் ஒரு பாகை ஏறக்குறைய 111 கிலோமீட்டர். நம் பிள்ளைகள் பள்ளியில் பயிலும் செங்கோண முக்கோணக் கணக்கைப் போட்டால், நேர்த் தொலைவு சுமார் 2,600 கிலோமீட்டர் என்று வருகிறது. மணிக்கு 800 கிலோமீட்டர் பறக்கும் விமானத்திற்கு இது மூன்றேகால் மணி. ஏறவும் இறங்கவும் ஆகும் நேரத்தையும் சேர்த்தால் ஏறத்தாழ நான்கு மணி. பினாங்கிலிருந்து ‘ரஜூலா’ கப்பலில் நம் பெரியோர் கிட்டத்தட்ட ஒரு வாரம் கடலில் கிடந்த வழி இது!

பயணச் சீட்டில் காலை 9.00 மணிக்குப் புறப்பாடு, 10.30 மணிக்குச் சென்னை என்று கண்டு, ஒன்றரை மணி நேரப் பயணம் என மயங்குவோர் உண்டு. சீட்டில் காண்பது அந்தந்த ஊரின் நேரம். இந்தியக் கடிகாரம் நம்முடையதற்கு இரண்டரை மணி பின்தங்கியது. திரும்பும்போது அதே நான்கு மணிப் பயணம் ஆறரை மணியாகத் தோன்றும்.

சூரியன் 15 பாகையைக் கடக்க ஒரு மணி ஆகும். அவ்வாறாயின் 21½ பாகைக்கு ஒன்றரை மணிகூட ஆகாதே எனலாம். உண்மைதான். ஆனால் இந்தியா 82½ பாகையையும் மலேசியா 120 பாகையையும் ஒட்டி நேரத்தை வகுத்துள்ளன. 1982 ஜனவரி முதல் நாள் தீபகற்பத்தின் கடிகாரங்கள் அரை மணி முன்தள்ளப்பட்டன. அதுவரை வேறுபாடு இரண்டு மணியே. பெரட்டு நேரத்தை மாற்றாத தோட்டங்களில் பால் வெட்டுக்குச் செல்வோர்க்கு விடியல் அரை மணி தள்ளிப் போயிருக்கும்.

இனி நம் அன்பரிடம் வருவோம். அதிகாலை மூன்று மணிக்கு வீட்டை விட்டுக் கிளம்புகிறார். சிப்பாங் விமான நிலையத்திற்குச் சாலையில் ஐந்து மணி; அங்கே காத்திருப்பு மூன்று மணி. பதினொரு மணி விமானம் கிடைத்தால், இந்திய நேரம் பகல் 12.30க்குச் சென்னை. வெளியே வர ஒரு மணி. தஞ்சைக்குச் சாலையில் ஏழு மணி. இரவு எட்டரை ஆகிவிடும், சடங்கு முடிந்திருக்கும்.

திருச்சிக்கு நேரடி விமானம் ஏறினால்? தொலைவு சென்னையைவிடச் சற்றே அதிகம், ஏறத்தாழ 2,700 கிலோமீட்டர். பறக்கும் நேரத்தில் சில நிமிடங்களே கூடும். ஆனால் திருச்சியிலிருந்து தஞ்சை ஒன்றரை மணிப் பயணமே. பிற்பகல் மூன்று மணி அளவில் மாமன் வீட்டு வாசலில் நிற்கலாம்.

கடப்பிதழ் இன்னும் ஆறு மாதத்திற்கேனும் செல்லுபடியாக வேண்டும். இந்திய விசாவும் கையில் இருக்க வேண்டும். இவை இல்லையேல் மேற்கண்ட கணக்கெல்லாம் வீண். முதிய உறவினர் நோயுற்றிருக்கும்போதே இவற்றைச் சரிபார்த்து வைப்பது நலம்.