விளையாட்டு மருத்துவம்: நம் பிள்ளைகளுக்கு ஒரு கல்வி வழி

நம் திருவண்ணாமலை மாவட்டத்துப் பள்ளிகளில் கபடியிலும் ஓட்டத்திலும் பரிசு பெறும் பிள்ளைகள் பலர். ஆரணிப் பக்கத்து நெசவாளர் இல்லங்களிலும், நெல்லும் மணிலாவும் பயிரிடும் உழவர் இல்லங்களிலும் அத்தகையோர் இருக்கின்றனர். அவர்களுள் விளையாட்டையே பிழைப்பாகக் கொள்ளத்தக்கவர் மிகச் சிலரே. ஏனையோர் மைதானத்தில் பெற்ற அனுபவம் வீணாக வேண்டியதில்லை. ஆடுவோரின் உடலைக் காக்கும் கல்வி ஒன்று உண்டு. அதன் இயல்பையும், அதில் சேருமுன் பெற்றோர் ஆராய வேண்டியவற்றையும் இங்கே காண்போம்.

தொழிலின் இயல்பு

விளையாட்டு மருத்துவத்துக்கான உலக அமைப்பு 1928-ஆம் ஆண்டு, சுவிட்சர்லாந்தின் செயின்ட் மோரிட்ஸ் நகரில் குளிர்கால ஒலிம்பிக் பந்தயங்கள் நடந்தபோது தோன்றியது. அமெரிக்காவில் 1950-இல் ‘அத்லெடிக் டிரெயினர்’களின் தேசியச் சங்கம் அமைந்தது. டிரெயினர் என்ற சொல்லைக் கொண்டு இவரை ஆட்டம் கற்பிக்கும் ஆசிரியர் என எண்ணலாகாது. காயம் நேராமல் தடுத்தல், நேர்ந்தவுடன் முதலுதவி செய்தல், ஆறும் காலத்தில் தக்க பயிற்சி அளித்தல், மீண்டும் களத்தில் இறங்கலாமா என்பதை மருத்துவருடன் கலந்து முடிவு செய்தல் ஆகியவையே இவர் கடமைகள்.

தறியில் பாவின் விறைப்பு அளவு மீறினால் இழை அறும். தளர்ந்தால் நெசவு கெடும். தசையும் அத்தகையதே. பயிற்சியின் பாரத்தைச் சிறிது சிறிதாக ஏற்றுவதே இக்கல்வியின் முதற்பாடம்.

இவ்வறிவு நாளுக்கு நாள் திருந்தி வருவது. கணுக்கால் பிசகினால் ஓய்வு, பனிக்கட்டி, கட்டு, உயர்த்தி வைத்தல் என்ற முறையை 1978-இல் எழுதியவர் கேப் மிர்க்கின் என்ற அமெரிக்க மருத்துவர். பனிக்கட்டியும் முழு ஓய்வும் காயம் ஆறுவதைத் தாமதப்படுத்தக்கூடும் என்று பிற்காலத்தில் அவரே திருத்திக் கூறினார். தலையில் அடிபட்டு நினைவு தடுமாறியவரை அன்றைய தினம் மீண்டும் ஆடவிடலாகாது. கடும் வெயிலில் ஓடி உடல் கொதித்து நினைவிழந்தவரை முதலில் குளிர்விக்க வேண்டும். மருத்துவமனைக்குக் கொண்டு செல்வது அதன் பின்னரே. இவை உயிர் காக்கும் விதிகள்.

நம் நாட்டில் உள்ள வழிகள்

அமெரிக்காவில் இத்தொழிலுக்கு இப்போது முதுநிலைக் கல்வியும் தகுதித் தேர்வும் வேண்டும். அதே பெயரிலான தனித் தொழில்முறை நம் நாட்டில் இன்னும் வேரூன்றவில்லை. ஆதலின் மூன்று வழிகளைப் பிரித்தறிதல் நலம்.

முதலாவது, இயன்முறை மருத்துவப் பட்டம். மேல்நிலைக் கல்வியில் இயற்பியல், வேதியியல், உயிரியல் பயின்றோர் இதில் சேரலாம். பின்னர் முதுநிலையில் விளையாட்டுப் பிரிவைத் தேர்ந்துகொள்ளலாம். இத்துறையினரின் கல்வியையும் பதிவையும் ஒழுங்குபடுத்த 2021-இல் மத்தியச் சட்டம் இயற்றப்பட்டது.

இரண்டாவது, எம்.பி.பி.எஸ். முடித்து விளையாட்டு மருத்துவத்தில் எம்.டி. பெறுதல். இது நெடுவழி. ஆயினும் நோயறிந்து மருந்தும் அறுவைச் சிகிச்சையும் பற்றி முடிவு செய்யும் பொறுப்பு மருத்துவருடையதே.

மூன்றாவது, உடற்கல்வியும் விளையாட்டு அறிவியலும். சென்னையில் ஹாரி குரோ பக் என்பவர் 1920-இல் நிறுவிய ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரி இத்துறையில் முன்னோடி. 2004-ஆம் ஆண்டுச் சட்டத்தால் தமிழ்நாடு உடற்கல்வியியல் மற்றும் விளையாட்டுப் பல்கலைக்கழகமும் அமைந்தது. இவ்வழியில் பயின்றோர் உடற்கல்வி ஆசிரியராகவும் உடல்தகுதிப் பயிற்சியாளராகவும் விளங்கலாம். ஆனால் இப்பட்டம் மட்டும் சிகிச்சை செய்யும் உரிமையைத் தராது.

பத்தாம் வகுப்பு முடிந்ததும் எந்தப் பாடப்பிரிவில் சேர்வது என்பதிலேயே பாதி முடிவு அடங்கியிருக்கிறது. அன்று உயிரியலைக் கைவிட்ட பிள்ளைக்கு முதலிரண்டு வழிகளும் பெரும்பாலும் அடைபட்டுப் போகும்.

கடன் வாங்குமுன்

சில வாரப் பயிற்சிக்குப் பெருந்தொகை பெற்றுக்கொண்டு, பகட்டான பெயருடைய சான்றிதழ் வழங்கும் இடங்களும் உண்டு. சங்கக் கணக்கில் ரசீதில்லாச் செலவை நாம் ஒப்புக்கொள்வோமா? அங்ஙனமே, அங்கீகாரமில்லாச் சான்றிதழையும் ஒப்புக்கொள்ளலாகாது. பணம் கட்டுமுன் அங்கத்தினர்கள் நான்கு கேள்விகள் கேட்க வேண்டும். பட்டம் வழங்கும் பல்கலைக்கழகம் எது? அப்பட்டத்தைக் கொண்டு தொழிற்பதிவு பெற இயலுமா? மருத்துவமனையில் நேர்ப்பயிற்சி எத்தனை மாதம்? விடுதி, உணவு, புத்தகம் உட்பட முழுச் செலவு எவ்வளவு? விடைகளை எழுத்தில் பெறுதல் வேண்டும்.

இக்கல்வியின் பயன் மைதானத்தோடு முடிவதன்று. குழித்தறியில் நாள் முழுதும் மிதிப்பவரின் இடுப்பும் முழங்காலும், நாற்று நடுபவரின் முதுகும், 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையை வெறுங்காலுடன் சுற்றிவருவோரின் பாதங்களும் அதே அறிவை வேண்டி நிற்கின்றன. தக்க வழியில் பயின்ற பிள்ளைக்குப் பெருநகர அணிகளில் இடம் கிட்டாவிடினும், உடல் நோக உழைப்போர் நிறைந்த நம் ஊர்களில் பணிக்குக் குறைவிராது. ஆகவே, பத்தாம் வகுப்பில் பயிலும் பிள்ளையுடைய ஒவ்வோர் அங்கத்தினரும், தேர்வு முடிவு வெளிவருமுன்பே பிள்ளையையும் அதன் ஆசிரியரையும் உடன் வைத்துக்கொண்டு இதனை ஆலோசித்து முடிவு செய்வாராக.