திருகோணமலைக்கு வந்த ஃபுச்சிதா: கதைகளும் உண்மையும்

சீனக்குடா எண்ணெய்க் குதங்களுக்கு நடுவே, இரும்புச் சுவர் உருகி நெளிந்து கிடக்கும் குதம் ஒன்று இருக்கிறது. அதைக் காட்டுகிறவர்கள் கமிகாஸே விமானி ஒருவன் மோதியதில் எரிந்தது என்பார்கள். 1942 ஏப்ரல் 9 காலை யப்பான்காரன் போட்ட குண்டுகளுக்குத் திருகோணமலை எரிந்தது உண்மை. கமிகாஸே என்ற பெயர்தான் அந்தக் காலத்துக்குப் பொருந்தாது. யப்பானியக் கடற்படை தற்கொலைப் படையை அமைத்தது 1944 ஒக்ரோபரில், பிலிப்பைன்ஸில். அடிபட்டுத் திரும்ப வழியற்ற விமானி இலக்கின் மீதே விமானத்தை விடுவது அதற்கு முன்பும் உண்டு. ஆனால் அது அவனே அந்த நேரத்தில் எடுத்த முடிவு, மேலிடத்துக் கட்டளையல்ல. அன்று வந்தவர்களைச் சாக அனுப்பவில்லை. கடற்படை பல ஆண்டுகள் பாடுபட்டுப் பயிற்றிய, எளிதில் ஈடுசெய்ய முடியாத விமானிகள் அவர்கள்.

அவர்களை வழிநடத்தி வந்தவர் மிட்சுவோ ஃபுச்சிதா. இவரை அட்மிரல் என்று நினைப்பவர்கள் உண்டு; அந்தப் பதவியை அவர் எட்டவேயில்லை. 1902இல் பிறந்து, கடற்படைக் கல்லூரியில் படித்து விமானியானவர். திருகோணமலைக்கு வந்தபோது கொமாண்டர், போர் முடியும்போது கெப்டன். கப்பல்களின் தளபதியான வைஸ் அட்மிரல் நகுமோ விமானியே அல்ல, டோர்பிடோ நிபுணர். பேர்ள் ஹார்பர், டார்வின், கொழும்பு, திருகோணமலை எல்லாவற்றிலும் கட்டளை நகுமோவுடையது, வானத்தில் தலைமை ஃபுச்சிதாவுடையது.

ஹெர்மிஸ் பற்றிய குழப்பம் இன்னும் பெரிது. பிரிட்டனின் அந்த விமானந்தாங்கிக் கப்பலைத் துறைமுகத்துக்குள் ஃபுச்சிதாதான் மூழ்கடித்தார் என்கிறார்கள். முதல் நாளே கற்றலினா விமானம் ஒன்று எதிரிக் கப்பல்களைக் கண்டு சொல்லிவிட்டதால், துறைமுகத்திலிருந்த கப்பல்கள் இரவோடிரவாக வெளியேறிவிட்டன. ஃபுச்சிதாவின் ஆட்களுக்கு மிஞ்சியவை கடற்படைத் தளம், விமானத்தளம், சகாயிங் என்ற சரக்குக் கப்பல் போன்றவைதான். எரிந்துபோன சகாயிங்கைப் பின்னர் இறங்குதுறையாகப் பயன்படுத்த அமிழ்த்தினார்கள். 2018 மார்ச்சில் இலங்கைக் கடற்படைச் சுழியோடிகள் அதை மேலே மிதக்கவைத்தார்கள். ஹெர்மிஸ் அகப்பட்டது தெற்கே, மட்டக்களப்புக்கு அப்பால் கடலில். அதன் விமானங்கள் கரையில் நின்றன. தன்னைக் காக்க ஒன்றுகூட அதன் தளத்தில் இல்லை. மூழ்கடித்தது வேறொரு விமான அணி. 307 பேர் மாண்டார்கள். வீட்டா என்ற மருத்துவக் கப்பல் மட்டும் அங்கே இல்லாதிருந்தால் அந்தத் தொகை எங்கேயோ போயிருக்கும்.

போருக்குப் பின் ஃபுச்சிதா கிறிஸ்தவப் போதகரானார், 1976இல் இறந்தார். மனம் மாறிய மனிதர், நேரில் கண்டவர் வேறு, அவர் எழுதியதெல்லாம் சரியாகத்தான் இருக்கும் என்று பலரும் நம்பினார்கள். அந்த நம்பிக்கைதான் எனக்கு எல்லாவற்றையும்விட ஆபத்தாகப் படுகிறது. மிட்வே சண்டை பற்றி அவர் எழுதியதையே பாருங்கள். இலங்கைக்கு வந்த ஐந்து விமானந்தாங்கிகளில் மூன்று, இரண்டே மாதத்தில் அங்கே மூழ்கின. அமெரிக்கக் குண்டுகள் விழுமுன் இன்னும் ஐந்து நிமிடம் கிடைத்திருந்தால், கப்பல்களின் மேல்தளத்தில் ஆயத்தமாக நின்ற தாக்குதல் விமானங்கள் கிளம்பியிருக்கும் என்று அவர் ஒகுமியா என்பவருடன் சேர்ந்து 1951இல் எழுதினார். அரை நூற்றாண்டுக்கு அதுவே வரலாறாக இருந்தது. 2005இல் பார்ஷல், டல்லி என்ற இருவர் யப்பானியக் கப்பல்களின் பதிவுகளையே எடுத்துப் பார்த்தார்கள். அந்த நேரத்தில் தளங்களில் ஏறி இறங்கிக்கொண்டிருந்தவை பாதுகாப்புப் போர் விமானங்கள். தாக்குதல் விமானங்கள் கீழே கொட்டகைத் தளத்தில்தான் நின்றன.