அச்சுக்கோப்பாளரின் காலக் கணக்கு

முன்னுரை

திருக்குறளில் 'தெரிந்துசெயல்வகை' 47ஆம் அதிகாரம், 'வலியறிதல்' 48ஆவது, 'காலமறிதல்' 49ஆவது. இவ்வரிசை எண்ணிப் பார்க்கத்தக்கது. இம்மூன்றில் முதல் அதிகாரத்தின் தொடக்கக் குறள், செயலில் இறங்குமுன் இழப்பு, வரவு, பின்னாளில் விளையும் பயன் ஆகிய மூன்றையும் சீர்தூக்கச் சொல்கிறது. திருக்குர்ஆனின் 103ஆம் அத்தியாயமாகிய 'அல் அஸ்ர்' மூன்றே வசனங்களில் காலத்தையும் மனிதனின் நட்டத்தையும் இணைத்துப் பேசுகிறது. இவ்வொளியில், வீட்டிலிருந்தே கணினி அச்சுக்கோப்புச் செய்து பொருளீட்டுவோர், புதிய மென்பொருள் கற்கச் செலவிடும் காலத்தை எடைபோட முனைகிறது இக்கட்டுரை. தமிழ் பயின்று வெளிச்செல்லும் மாணவர் சிலர்க்கு இதுவே பிழைப்பு என்பதால், இஃது ஏட்டளவில் நின்றுவிடும் வினா அன்று.

தயக்கத்தின் காரணம்

நிறுவனத்தில் பணிபுரிவோர்க்குப் புதியது கற்கும் நாளிலும் சம்பளம் உண்டு. தனித்தொழில் செய்வோர்க்கோ கற்கும் ஒவ்வொரு மணியும் கூலியிலிருந்து கழிகிறது. ஆகவே பலர் பேஜ்மேக்கரையும் பழைய எழுத்துருக்களையும் விடத் தயங்குகின்றனர். இதனைச் சோம்பல் எனப் பழித்தல் முறையன்று. பழகிய விரலின் வேகமே அவர்தம் முதல்.

ஆயினும் நிலை மாறிவிட்டது. பேஜ்மேக்கரின் இறுதிப் பதிப்பாகிய 7.0 வெளிவந்தது 2001இல். அது யூனிகோடு எழுத்தை ஏற்பதில்லை. தமிழ்நாடு அரசோ 2010இல் யூனிகோடு முறையை ஏற்றது. பழைய எழுத்துருக்கள் பல, ஆங்கில எழுத்துகளின் இடங்களில் தமிழ் வடிவங்களை அமர்த்தியவை. அவ்வெழுத்துரு இல்லாத கணினியில் கோப்பு பொருளற்ற எழுத்துக் குவியலாகவே தோன்றும். என் எம்.ஃபில். ஆய்வேட்டுக் கோப்பின் இன்றைய நிலையும் அதுவே.

இழப்பும் வரவும்

ஒரு கணக்கை எடுத்துக்காட்டாகக் கொள்வோம். ஒருவர் மணிக்கு 6 பக்கம் தட்டச்சிடுகிறார். பக்கத்துக்கு 30 ரூபாய் பெறுகிறார். நாளும் ஒரு மணி வீதம் 40 நாள் கற்றால் அவர் இழப்பது 7,200 ரூபாய். மறுபுறம், பழைய எழுத்துருவில் அடித்ததை யூனிகோடுக்கு மாற்றிப் பிழை திருத்தப் பக்கத்துக்கு 3 நிமிடம் ஆகிறது என்க. வாரம் 100 பக்கம் செய்வோர்க்கு அவ்வகையில் 5 மணி மிஞ்சும். 8 வாரத்தில் இழப்பு ஈடாகும். வாரம் 10 பக்கமே செய்வோர்க்கு ஈடாக 80 வாரம் வேண்டும். கல்வி ஒன்றே, பயன் வேறு.

இங்கு ஒரு நுட்பம் உண்டு. எழுத்தைக் கணினி பதியும் முறை வேறு. விரல் தட்டும் விசைமுறை வேறு. என்.எச்.எம். ரைட்டர் போன்ற மென்பொருள்கள் பழைய தட்டச்சு விசைமுறையிலேயே யூனிகோடு எழுத்தைத் தருகின்றன. எனவே கைப்பழக்கம் முதிர்ந்தோர் விசைமுறையை மாற்ற வேண்டுவதில்லை. 40 மணி 10 மணியாகக் குறையுமாயின், 80 வாரம் 20 வாரமாகும். புதிதாய்த் தொடங்கும் மாணவரோ 1999இல் அரசு ஏற்ற 'தமிழ்99' விசைமுறையைக் கற்கலாம்; உயிரையும் மெய்யையும் கொண்டே உயிர்மெய்யைப் பெறும் அம்முறை, நம் இலக்கணத்தோடு இயைந்தது.

பின்பயன்

யூனிகோடில் பதிந்த நூலை ஒருமுறை அடித்தால் போதும். அச்சுக்கும் மின்னூலுக்கும் கைப்பேசிக்கும் அதுவே உதவும். வேண்டிய சொல்லைத் தேடியும் எடுக்கலாம். மென்பொருள் மறையினும் எழுத்து நிற்கும். இத்தகைய பயனைத் தரும் கல்விக்கே முதலிடம் தருக. புதிதாய் வந்தது என்பதற்காகவே ஒன்றைக் கற்கப் புகுதல் நட்டம். வாடிக்கையாளர் பலரும் கேட்கிறார்களா, வேலை அதற்குப் போதிய அளவில் உண்டா என்பவற்றை முதலில் ஆராய்க.

முடிவுரை

கற்பதற்கும் காலம் அறிதல் வேண்டும். வேலை குறைந்த நாளில் கற்க. கெடு நெருங்கிய பிறர் நூலில் பயிற்சி செய்யற்க. நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட கைப்பிரதி ஓர் அமானிதம். மாணவச் செல்வங்கள் தம் கூலியைக் கணக்கிடுவது போலவே தம் மணிகளையும் கணக்கிடுவாராக. வீட்டுப் பெரியோரும், பிள்ளை ஒரு திங்கள் குறைவாக ஈட்டினால் உடனே கடிந்துகொள்ளாது, அவன் எதைக் கற்கிறான் என வினவுவாராக. அக்குறைவு விதைநெல்லாகவும் இருக்கலாம்.